வெளி யூனிட் பக்கத்தில் ஒரு நாற்காலி

மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பாய்லரோடு மல்லுக்கட்டியவர் பக்கிரிசாமி. மே மாதத்துச் சித்தூர் வெயிலில் ஊரே 'உஸ், அப்பாடா' என்று விசிறிக்கொண்டிருக்க, மனிதர் முழுக்கைச் சட்டையோடு மார்க்கெட்டுக்கு நடப்பார். அப்பேர்ப்பட்டவர் ஏசி மாட்டப் போகிறார் என்றதும் தெருவே சிரித்தது.

சிரித்தவர்களுக்கு என்ன தெரியும்? மனைவி போன பிறகு அவர் தனிக்கட்டை. பெங்களூரில் இருக்கும் மகள் நந்திதா வருஷம் தவறாமல் குடும்பத்தோடு திருமலைக்குப் போவாள். போகிற வழியில் அப்பா வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு, அவ்வளவுதான். "குழந்தைக்கு வெக்க தாங்கல நைனா. ஒரு ஏசி இருந்தா ராத்திரி இங்கியே தங்கிடுவோம்" என்று போன தடவை சொல்லிவிட்டுப் போனாள். சொன்னவள் மறந்திருப்பாள். கேட்டவர் மறக்கவில்லை.

எலக்ட்ரீஷியன் சாய்குமார் பழைய ஒயரிங்கைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"ஃபேன் லைன்ல இத்த கோத்தா ஒயரு உருகிப்பூடும். மெயின் போர்டுலேந்து தடி ஒயருல தனி லைன் இழுக்கணும், அதுக்குன்னு தனி பிரேக்கர் போடணும். வெளி யூனிட்டு பக்கத்துலயே ஒரு சுவிட்சு வேணும், ரிப்பேருக்கு வர்றவன் அத்த நிறுத்திட்டுத்தான் கை வைக்கணும். எர்த்து செத்துக் கெடக்குது, புதுசா குழி தோண்டணும்."

பக்கிரிசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டில் பேச்சுக்குரல் கேட்டு எத்தனை நாளாயிற்று! வேலை முடிய முடிய அவருக்கு மனசு கனத்தது. கேட்டதையே திரும்பக் கேட்டு, டீ மேல் டீயாகப் போட்டுக் கொடுத்து அவனை உட்கார வைத்தார்.

"ரூமு குளுந்துட்டா வெளி யூனிட்டு தானா நிக்கும், அப்பறம் ஓடும். பயந்துக்கினு எனக்கு போன் பண்ணாதீங்க" என்றான் சாய்குமார் கிளம்பும்போது. "எர்த்துக் குழிக்கு மட்டும் தெனம் ஒரு கொடம் தண்ணி ஊத்துங்க."

கோடை விடுமுறையில் நந்திதா வந்தாள். சாப்பிட்டதும் அவளும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பக்கிரிசாமி கொல்லையில் வெளி யூனிட் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அனல் காற்று முகத்தில் அடித்தது. அடிக்கட்டுமே! உள்ளே மனிதர்கள் தூங்குகிறார்கள் என்று அந்த இரைச்சல் சொல்லிக்கொண்டிருந்தது. ராத்திரிக்குத் தோசை மாவுகூட வாங்கி வைத்திருந்தார்.

சாயங்காலம் யூனிட் நின்றது. ரூம் குளிர்ந்திருக்கும், திரும்ப ஓடும் என்று காத்திருந்தார். ஓடவில்லை. சுவிட்சைப் பார்த்தார், சரியாக இருந்தது. உள்ளே ஓடிப் பிரேக்கரைப் பார்த்தார், அதுவும் விழவில்லை. பதறிக்கொண்டு திரும்பினால் வாசலில் பைகளோடு நந்திதா.

"விடியக்காலம் தரிசனம் நைனா. அவரு திருப்பதியில ரூமு போட்டுட்டாரு. ஏசி சூப்பரா கீது."

"லைன்ல ஏதாச்சும் கோளாறாம்மா?"

"ஒண்ணும் இல்ல நைனா. நான்தான் ஆஃப் பண்ணேன்."

கார் தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார். ஒரு குடம் தண்ணீர் எடுத்துப் போய் எர்த்துக் குழியில் ஊற்றினார். பிறகு அந்தக் காலி அறைக்குள் போய் ஏசியைப் போட்டார். கதவை இழுத்துச் சாத்திவிட்டுக் கொல்லைக்கு வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.