நான்காம் தாள்

நேற்று அலுமாரியின் அடித்தட்டைத் துப்புரவாக்கும்போது ஒரு ஹன்சார்ட் அகப்பட்டது. பாராளுமன்றத்தில் பேசியதை அப்படியே அச்சடிக்கும் அந்த மெல்லிய புத்தகம். கறையான் விட்டுவைத்ததைப் புரட்டினேன். எங்கள் ஊர் உறுப்பினரின் கன்னியுரையில் ஒரு பகுதி இல்லை. அது கறையானின் வேலையல்ல. எடுத்தவன் நான்.

அந்த உறுப்பினர் இல்ஹாம், என்னிடம் படித்தவன். வென்ற பிறகு மேடையில் ‘அவர்’ என்பேன். வீட்டுக்குள் வந்தால் ‘அவன்’தான். கண்டக்குழியில் கரைவலை இழுத்தவரின் மகன். உப்பளத்தில் வேலை செய்து, சிலாபச் சந்தையில் சிங்களம் பழகி, மீனவர் சங்கச் செயலாளராகி, ஒருவரும் எதிர்பாராமல் வென்றான். மறுநாளே சமூசாப் பொதியோடு வந்தான்.

“சேர், பேச்ச நீங்கதான் எழுதித் தரணும்.”

சமூசா சுற்றிய தாளிலேயே குறிப்பெடுத்தேன். இன்றும் அந்த எண்ணெய் மணம் வந்தால் எனக்குப் பாராளுமன்றம்தான் ஞாபகம் வரும். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து இங்கே தங்கியவர்களுக்குக் காணி உறுதிப்பத்திரம், உப்பளப் பெண்களுக்குக் காலணி, ஆஸ்பத்திரிக்கு நிரந்தர டொக்டர். கடைசியாக, கடற்கரைப் பாதை.

“மத்ததெல்லாம் சுருக்கமா இரிந்தாலும் பரவாயில்ல சேர். பாதைக்கி முழுத்தாள் வேணும்.”

யுத்தம் முடிந்ததும் விடுதிக்காரர்கள் கரையோரக் காணிகளைத் தேடி வந்த காலம் அது. பாதை அடைபட்டால் வலையைக் கரைக்குக் கொண்டுபோக முடியாது. முப்பது குடும்பங்களின் உலை அந்த வலையை நம்பியிருந்தது.

நான்காம் தாள் முழுக்கப் பாதையை எழுதி, நன்றியுரையை ஐந்தாம் தாளில் வைத்தேன். நல்ல எழுத்து என்று எனக்கே பெருமை. ஆனால் பாதையோரத் தென்னந்தோட்டம் என் மகளுக்கு நான் கொடுத்த சீதனம். மருமகன் அதை, பாதையையும் சேர்த்து, விடுதிக்குக் கொடுக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

“மாமா, இந்த முற மட்டும் அந்தக் கத வேணாம். காணி எடுக்க வந்த கொழும்பாக்கள் வெருண்டு போயிருவாங்க.”

நான்காம் தாளை உருவிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். புறப்படும் அவசரத்தில் இல்ஹாம் தாள்கள் இருந்த கோவையைத் திறந்தும் பார்க்கவில்லை. “சேர் எழுதினாச் சரி,” என்று கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

பேச்சைச் சங்கக் கட்டடத்தில் தொலைக்காட்சி வைத்துப் பார்த்தோம். முடிவை நெருங்கும்போது தாளைப் புரட்டியவன் ஒரு கணம் நின்றான், பிறகு தொடர்ந்தான். வெள்ளிக்கிழமை ஊருக்கு வந்தவனை வலைக்காரர்களின் தலைவர் மக்தூம் காக்கா பிடித்துக்கொண்டார்.

“செருப்பு, டொக்டர் எல்லாம் சொன்னீங்க தம்பி. நம்மட பாதய விழுங்கிட்டீங்களே!”

“மறந்துட்டன் காக்கா.”

என் பக்கம் அவன் பார்க்கவேயில்லை.

சில நாளில், உரையின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது. அப்போதும் அதை என்னிடமே அனுப்பினான். ஓரத்தில் நுணுக்கி நுணுக்கிப் பாதையைப் பற்றி முழுவதும் எழுதி அனுப்பினேன். பாராளுமன்றத்திலிருந்து ஓர் அதிகாரி தொலைபேசியில் மரியாதையாகச் சொன்னார்: “மாஸ்டர், பேசினதைத்தான் திருத்தலாம். பேசாததைச் சேர்க்க ஏலாது.”

அன்று பின்னேரமே இல்ஹாமிடம் போய், தாளை உருவியது நான்தான் என்று சொன்னேன்.

“தெரியும் சேர். மூணாந் தாளுக்குப் பொறகு அஞ்சாந் தாள் இரிந்திச்சி.”

பக்க இலக்கம் போடாத பிள்ளைகளுக்கு வாழ்நாளெல்லாம் புள்ளி குறைத்தவன் நான். களவெடுத்த அன்று இலக்கத்தை மாற்ற மறந்திருக்கிறேன்.

“தெரிஞ்சும் ஏன் பேசல்ல?”

“தாளப் பாக்காம ஒளறாத எண்டு பத்தாம் வகுப்பில எல்லாருக்கும் முன்னால சொன்னது நீங்கதானே. அண்டைக்கும் நாக்கு எழும்பல்ல.”

அடுத்த அமர்வில் தாளில்லாமல் பேசினான். தடுமாறினான், ஆனால் பாதையைச் சொன்னான். நானும் பிரதேச செயலகத்துக்குப் போய், அது ஊருக்குப் பொதுவான பாதைதான், என் சிறு வயதிலிருந்தே வலை போன பாதை என்று மருமகனுக்கு எதிராகக் கையெழுத்திட்டேன். அதிகாரிகள் அளக்க வருவதற்குள் விடுதிக்காரரின் மதில் எழும்பிவிட்டது. நீண்ட இழுபறிக்குப் பிறகு மதிலுக்கும் அடுத்த காணியின் வேலிக்கும் இடையில் ஓர் ஒடுக்கமான வழி விட்டார்கள்.

மருமகன் இன்றுவரை என்னோடு கதைப்பதில்லை. இல்ஹாம் அடுத்த தேர்தலில் தோற்றான். கண்டக்குழியிலேயே வாக்குக் குறைந்தது. நான் செய்ததை அவன் எவரிடமும் சொல்லவில்லை. மக்தூம் காக்காவிடம் நான் போய்ச் சொன்னபோது அவர் வலையை விற்றிருந்தார்.

ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் சில வேளை அந்த வழியால் கடலுக்குப் போவேன். தோள் இரு பக்கமும் உரசும். ஒரு கிழவன் போகலாம். வலை போகாது.