காது எட்டிய நாள்

மகள் வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொட்டாள். பள்ளியில் சேர்க்க அந்தக் காலத்தில் இதுதான் அளவு என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

"எட்டிடுச்சும்மா. இனி வீட்ல தனியா இருப்பேன்ல?"

எனக்கும் ஒருநாள் எட்டியது. கூலிப் போராட்டத்தில் கைதாகி அப்பா ஜெயிலில் இருந்தார்.

"நீ இனி சின்னப் புள்ள இல்ல. தம்பியப் பாத்துக்க, தாழ்ப்பா போட்டுக்க" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கத்து ஊருக்கு நடவுக்குப் போனாள். குடத்தைக் கவிழ்த்து ஏறியும் தாழ்ப்பாள் எனக்கு எட்டவில்லை.

மிராசுதாரின் ஆட்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தம்பியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "அம்மா வந்தப்புறம் வாங்க" என்றேன். அரிசிப் பானை உட்பட எல்லாவற்றையும் அவர்கள் உடைத்து முடிக்கும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் காதை விடாமல் காத்திருந்தாள். இந்த வீட்டுத் தாழ்ப்பாள் அவள் நெஞ்சுயரம்தான். அப்படியும், "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று அவள் கையைக் காதிலிருந்து இறக்கிவிட்டேன்.