பஞ்சு உறை

எல்லாரும் மரியாதையாகத் ‘தோக்கியே சான்’ என்றழைத்த மூதாட்டி முதியோர் இல்லத்தை விட்டுக் கிளம்பிய அன்று, மழைக்காலம் ஓய்ந்து முதல் வெயில் அடித்தது. மருமகள் காரில் ஏற்றியதும், இல்லத்தின் பணிப்பெண் ஹிஸாயே ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, தோக்கியே சானின் இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஏறியிருந்த பஞ்சு உறையைச் சரிசெய்தாள். கார் திரும்பும்வரை குனிந்து வணங்கினாள். பிறகு நேரே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய் நாற்காலிகளை மாற்றிப்போடத் தொடங்கினாள்.

அதுதான் அவள் வித்தை. துறைமுக ஊர்க்காரி, குரல் பெரிது. ஆனால் இல்லத்தில் இருவருக்கு ஆகாமல் போனால் வாயே திறக்கமாட்டாள். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு அவர்கள் இடம் மாறியிருக்கும். "நான் போலீஸ் இல்லம்மா. இங்க நாற்காலிதான் போலீஸ்" என்பாள்.

இல்லத்து முதியவர் இவாகிச்சி சானிடம் மட்டும் அது பலிக்கவில்லை. மீன் சந்தையில் ஏலம் விட்டவர். நினைவு கலைந்தபின், பக்கத்தில் இருப்பவர் தன் மீனைத் திருடுவதாகச் சந்தேகம். சதை கன்றும்வரை கிள்ளுவார். மறுநிமிடமே, "அடடா, கை ஏம்மா இப்படிக் கன்னிப்போச்சு? மருந்து போடக் கூடாதா?" என்று உருகுவார். தனியே உட்கார்த்தினாலோ ஒரு வாய் சாப்பிடமாட்டார். ஆகவே, தோக்கியே சான் இல்லத்தில் இருந்த நாட்களில் ஹிஸாயே அவளை அவர் பக்கத்தில் உட்காரவைத்தாள். தோக்கியே சான் கத்துகிறவள் அல்ல.

"மேல சொல்லிடலாமே, அக்கா" என்றாள் கூட வேலை பார்க்கும் சினாமி.

"சொன்னா இவரைத் தூக்கி மலை ஆஸ்பத்திரில போட்டுருவாங்கடி. முன்னாடி ஒருத்தரைப் பத்திச் சொன்னேனே, திரும்பி வந்தாரா? அங்க யாரு இவருக்கு மீன் முள்ளு எடுத்துக் குடுப்பா?"

"அப்ப தோக்கியே சான்?"

ஹிஸாயே அன்றிரவு வீட்டுக்குப் போய்ப் பழைய மெத்தையைப் பிரித்து, அந்தப் பஞ்சை வைத்து உறை தைத்து வந்தாள். மருமகள் பார்க்க வந்தபோது, "குளிருக்கும்மா" என்றாள். மருமகள் நெகிழ்ந்துபோனாள்.

இரண்டு கோடை கழிந்து ஒரு மதியம், அந்த மருமகளின் செய்தி கைப்பேசியில் வந்தது. ஹிஸாயே அப்போது இவாகிச்சி சானுக்குக் கானாங்கெளுத்தியில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க தைச்சுக் குடுத்ததை அத்தை கொளுத்துற வெயில்லயும் கழட்ட விடமாட்டேங்கிறாங்க. சாப்பிடும்போது யார் பக்கத்துல உட்கார்ந்தாலும், நானே உட்கார்ந்தாலும், கண்ணை மூடிக்கிட்டு அந்தக் கையை நீட்டுறாங்க. ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஹிஸாயே இருமுறை படித்தாள். இவாகிச்சி சானுக்கு மறுபக்கம், சக்கர நாற்காலியில், புதிதாக வந்த ஃபுஸா சான். அவள் கையிலும் ஒரு பஞ்சு உறை, பூப்போட்டது.

ஹிஸாயே விரல்களைத் துடைத்துக்கொண்டாள். உறையின் முடிச்சை அவிழ்த்து உருவினாள். வெறுங்கையோடு இருந்த ஃபுஸா சானைத் தள்ளிக்கொண்டு மேலாளர் அறைப்பக்கம் நடந்தாள்.

"அம்மா, முள்ளு இன்னும் இருக்கே" என்றார் இவாகிச்சி சான் பின்னாலிருந்து.

திரும்பாமல் கதவைத் தட்டினாள்.