இரண்டு போலா

தர்சேம் சிங் கிழக்கு லண்டனின் பார்க்கிங் (Barking) பகுதியில் முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டினார். ஓய்வு பெற்றதும், தன் பஞ்சாப் கிராமத்தின் வரலாற்றைப் பேரப்பிள்ளைகளுக்காக இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தார். ஆறு வருடம் எழுதினார். விடியுமுன் எருமை கறப்பது, வெல்லம் காய்ச்சும் கொப்பரையைச் சுற்றிப் பிள்ளைகள் நிற்பது, லண்டனுக்கு வந்தவர்கள் ஊர் வீட்டின் தண்ணீர்த் தொட்டியை விமானம் மாதிரிக் கட்டிக்கொண்டது எல்லாம் அதில் இருந்தன.

முதல் பக்கம்தான் சிக்கல். ஊரை உண்டாக்கியவர்கள் இரண்டு சகோதரர்கள். மேல்தெரு மூத்தவரின் வழி, கீழ்த்தெரு இளையவரின் வழி. முதல் கிணற்றைத் தோண்டியவர் மூத்தவர் என்று பழைய நிலப் பதிவேட்டில் இருந்தது. தர்சேம் கீழ்த்தெருக்காரர். இருந்தும் அப்படியே எழுதினார். இங்கிலாந்தில் ஊர்க்காரர் வருடம் ஒருமுறை கூடும்போது அவர் வாசிக்க எழுந்தார். தொடர்ந்து இரண்டு வருடம், கிணறு வந்ததும் இரண்டு தெருவும் சண்டைபிடித்துக் கூட்டம் கலைந்தது.

அதே டிப்போவில் பஸ் ஓட்டிய யாழ்ப்பாணத்து வாமதேவனிடம் போனார்.

"இந்த முறையும் குழம்பினால் எழுதினதைக் கிழிச்சுப்போடுவன். நீ வாசி, வாமா. நீ ஒரு தெருவும் இல்லை. பேர்களை மட்டும் சரியாச் சொல்லு."

உச்சரிப்புத் தவறாதிருக்க, அவர் சொல்லச் சொல்ல வாமதேவன் சகோதரர்களின் பெயர்களைத் தமிழில் எழுதினார். போலா. போலா.

"சிங்கண்ணை, ரெண்டும் ஒண்டுதானே?"

"அட எருமை! பஞ்சாபியில ஒண்டைச் சொல்லேக்க குரல் தொண்டைக்குள்ள இறங்கும். மற்றது இறங்காது. கேள்."

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். போலா. போலா."

தர்சேம் தலையில் கைவைத்தார்.

ஞாயிறு மத்தியானம். மண்டபத்தில் நூற்றிருபது பேர்.

"முதல் கிணற்றைத் தோண்டியவர் போலா," என்று வாசித்தார் வாமதேவன்.

மேல்தெரு கைதட்டியது. கீழ்த்தெருவும் கைதட்டியது. பிறகு இரண்டும் ஒன்றையொன்று திரும்பிப் பார்த்தன.

"எந்த போலா?" என்றார் கீழ்த்தெருக்காரர் ஒருவர்.

"போலா."

"அதுதான், எந்த?"

"போலா எண்டுதான் கிடக்கு, ஐயா."

மேல்தெருப் பெண்ணொருத்தி எழுந்து சொல்லிக்காட்டினாள். கீழ்த்தெரு திருத்தியது. பிறகு மண்டபமே சேர்ந்து சொல்லிக்கொடுத்தது. வாமதேவன் வாயில் மறுபடியும் அதே போலாதான். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பெரியவர்களும் அடக்கிப் பார்த்தார்கள், ஏலவில்லை. அந்தச் சிரிப்பில் அவர் பக்கத்தைத் திருப்பினார். எருமைகள் வந்தன. கடைசிப் பக்கம்வரை ஒருவரும் எழவில்லை.

சாப்பாட்டில் இரண்டு தெருவும் புத்தகப் பிரதி வாங்கப் பெயர் கொடுத்தன.

"எந்த போலா எண்டு புத்தகத்தில பார்த்தால் தெரிஞ்சுவிடுமே, சிங்கண்ணை?"

"தெரியட்டும். வாங்கின பிறகுதானே," என்று வாமதேவனின் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டார் தர்சேம்.