தாய்வீட்டு விலாசம்

வள்ளிக்கண்ணு அக்கா செய்யும் வேலை என்னவென்று அவருடைய சொந்தக்காரர்களுக்குப் புரிந்ததே இல்லை. கல்யாண வீடுகளில் "மனு எழுதுறவ" என்று சொல்லி வைப்பார்கள். அதுவும் பாதி உண்மைதான். எங்கோ டாக்டர்கள் ஆராய்ச்சி செய்து நல்லது ஒன்றைக் கண்டுபிடித்திருப்பார்கள். அதைக் காரைக்குடிப் பக்கத்து ஜனங்களிடம் கொண்டுவந்து சேர்க்கப் பணம் வேண்டும். பணம் தருகிற நிறுவனத்துக்கு, என்ன செய்யப்போகிறோம், எப்படிச் செய்யப்போகிறோம் என்று ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். அதற்குப் பெயர் புரபோசல். எங்கள் அறக்கட்டளையில் அதை எழுதுகிறவர் அக்கா. நான் கணக்குப் பார்க்கிறவன். தட்டார் வீட்டுப் பெண் என்பதாலோ என்னவோ, அக்கா ஒரு வாக்கியத்தை உரைகல்லில் தேய்ப்பதுபோல நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பிள்ளை பெற்று வீடு திரும்பிய முதல் வாரத்தில் சில பெண்களுக்குப் பிரஷர் திடீரென்று ஏறும். வலிப்பு வரும், உயிரும் போகும். நர்ஸ் வீட்டுக்கே போய் அளந்து பார்த்தால் காப்பாற்றிவிடலாம் என்று ஒரு வெளிநாட்டு ஆய்வு சொன்னது. அக்கா அதை வைத்து எழுதினார், பணமும் வந்தது. மருத்துவமனைச் சீட்டில் உள்ள விலாசத்துக்கு நர்ஸ் போவார் என்று, ஆய்வில் இருந்தபடியே எழுதியிருந்தார். சீட்டில் இருப்பதோ புருஷன் வீட்டு விலாசம். பெற்றவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்வீட்டுக்குத்தான் போவாள் என்பது இங்கே யாருக்குத் தெரியாது? எங்கள் டாக்டர் ராமநாதன் படித்தார், நான் படித்தேன். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. ஆங்கிலத்தில் படிக்கும்போது நாங்களெல்லாம் வேறு ஊர்க்காரர்களாகிவிடுகிறோம் போலிருக்கிறது.

அக்காவின் தங்கை காமாட்சிக்கு ஒரே மகள், நிவேதா. மானகிரியில் வாக்கப்பட்டிருந்தாள். பிரசவம் காரைக்குடியில் நல்லபடியாக முடிந்து, சிங்கம்புணரியில் தாய்வீட்டுக்குப் போனாள். எங்கள் நர்ஸ் மானகிரிக்குப் போனார். மாமியார் காப்பி கொடுத்து, மருமகள் இல்லையே என்று அனுப்பிவிட்டார். அதே நாள் நிவேதாவுக்குத் தலைவலி. தூக்கம் கெட்டதால்தான் என்று நெற்றியில் சுக்குப்பற்றுப் போட்டார்கள். மறுநாள் காலையில் வலிப்பு வந்தது. வண்டி பாதி வழி போவதற்குள் இறந்துவிட்டாள். குழந்தை மட்டும் மிஞ்சியது.

உடலை எடுப்பதற்கு முன் காமாட்சி எல்லோர் முன்னாலும் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் எழுதுறியே, நம்ம புள்ள எங்கிட்டு இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

அதன்பிறகு தங்கை அக்காவோடு பேசவில்லை.

அடுத்த புரபோசலில் அக்கா ஒரு பத்தி சேர்த்தார். எந்த ஊரானாலும் தாய்வீட்டு விலாசத்தைப் பிரசவத்துக்கு முன்பே கேட்டு வாங்கி, நர்ஸ் அங்கேதான் போக வேண்டும். நிதி தருகிறவர்கள் முகம் சுளித்தார்கள். திட்டம் இரண்டு ஒன்றியத்துக்குத்தான், மாவட்டம் பூராவும் ஓட முடியாது என்றார்கள்.

"அந்தப் பத்திய எடுத்துருங்க, வள்ளி. மொதல்ல பணம் வரட்டும், அப்புறம் பாத்துக்கிருவோம்" என்றார் டாக்டர்.

"அத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு, டாக்டர்? மாமியாருக கையால காப்பி குடிச்சுட்டு வரவா நர்ச அனுப்புறீக?"

டாக்டர் நல்ல மனுஷர். அந்தப் பத்தி இருக்கட்டும் என்றுவிட்டார்.

நிதிக்காரர்கள் கம்ப்யூட்டர் திரையில் வந்து உட்கார்ந்தார்கள். அதில் ஒருவர், தாய்வீட்டுக்குப் போகிறார்கள் என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டா என்று கேட்டார். எனக்கு வந்த கோபத்துக்குத் திரையை மூடியிருப்பேன். அக்கா நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்கள் நர்ஸ் பார்க்காமல் திரும்பிய பெண்களில் ஒருத்தி என் தங்கை மகள். தாய்வீட்டில் இருந்தாள். இறந்துபோனாள். அந்தத் திட்டத்தை எழுதியது நான்தான்."

நிதிக்காரர்கள், நர்ஸ் தூரம் போகிற செலவுக்காகத் தாய்மார்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அந்தப் பத்தியை அப்படியே வைத்து ஒப்புதல் தந்தார்கள்.

சேதியைத் தங்கையிடம் நேரில் சொல்ல வேண்டும் என்றார் அக்கா. தனியாகப் போகத் தெம்பில்லாமல் என்னையும் கூட்டிக்கொண்டு சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறினார். காமாட்சி பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். எனக்கு அங்கே நிற்கவே கஷ்டமாக இருந்தது.

காமாட்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"எதுத்த வீட்டுப் புள்ள பெத்து வந்து படுத்திருக்கு. காலையிலருந்து தலவலிங்குது. தூக்கம் இல்லாததுனாலன்னு அவ ஆத்தா சொல்றா."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னேன். புள்ளயப் பறிகுடுத்தவ பொலம்புறான்னு நெனைக்கிறாக. நீ வந்து சொல்லுக்கா."

அக்கா செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கினார். பேத்தியை எச்சில் வாயோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு காமாட்சியும் கூடவே ஓடினாள். நான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன்.