பயில்வானும் முக்காடும் பூந்தமல்லிக்கு வந்த வருஷம்

நெமிலிச்சேரிக்கு வந்து வேம்புலி வீடு எது என்று கேட்டால் தலையைச் சொறிவார்கள். பொம்மை வேம்புலி என்று கேட்டுப் பாருங்கள். சைக்கிள் கடைக்காரரிலிருந்து இட்லிக்கார அம்மா வரைக்கும் கை காட்டுவார்கள், கூடவே ஒரு நமட்டுச் சிரிப்பும் சிரிப்பார்கள். ஆளுக்கு இருபத்தைந்து வயசு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். நல்ல கறுகறு மீசை, சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள், தண்ணி கிண்ணி கிடையாது. ஆனால் கட்டிலுக்கு அடியில் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கிறது. அதைத் திறந்தால் அத்தனையும் பிளாஸ்டிக் சண்டைக்காரப் பொம்மைகள். ஒரு சாண் உயரம், கையை மடக்கலாம், இடுப்பைத் திருப்பலாம், விரலுக்குள் வாளைச் செருகலாம். சிரிப்பு வருகிறதா? சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், நான் எங்கேயும் போகவில்லை.

எண்பதுகளில் நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்திருந்தால் இவ்வளவு சிரிக்க மாட்டீர்கள். அதுவரைக்கும் நம் பக்கத்தில் பொம்மை என்றால் என்ன? திருவேற்காட்டுக் கோயில் வாசலில் விற்கிற தலையாட்டி, கிலுகிலுப்பை, சாவி கொடுத்தால் தத்தித் தத்திப் போய்க் கவிழ்ந்துகொள்ளும் தகரக் கோழி. எண்பத்தாறாம் வருஷம் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஃபேன்சி ஸ்டோரில், வளையலுக்கும் ரிப்பனுக்கும் நடுவில், அட்டையில் ஒட்டின, கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளே ஒருத்தன் தொங்கினான். மஞ்சள் கவசம், திரண்ட தோள், முறைப்பு. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போன வேம்புலி அப்படியே நின்றுவிட்டான். அப்போது அவனுக்குப் பன்னிரண்டு வயசு. அம்மா இழுத்த இழுப்பில் சட்டைப் பொத்தான் தெறித்தது, ஆள் நகரவில்லை.

அட்டையில் இங்கிலீஷில் என்னமோ பேர் போட்டிருந்தது. யார் படித்தார்கள்? பேர் வைக்க நம் பசங்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா? மஞ்சள் கவசக்காரன் பயில்வான் ஆனான். அவனுக்குப் பக்கத்தில் நீல அங்கியும் தலை மூடின துணியுமாகத் தொங்கிய அவனுடைய பரம எதிரி, முக்காடு ஆனான்.

இங்கேதான் அந்தக் கடைக்காரர் ஒரு வேலை செய்தார். உலகத்தில் வேறு எந்தக் கடைக்காரரும் அதைச் செய்திருக்க மாட்டார். அவர் அதுவரைக்கும் விற்ற பொம்மையெல்லாம் கல்யாணச் சீரில் வைக்கிற ராஜா ராணி மரப்பொம்மை. அதை ஜோடியாகத்தான் கொடுப்பார்கள், பிரித்துக் கொடுத்தால் ஆகாது. புதுப் பொம்மை வந்து இறங்கினதும் மனுஷன் அந்த நீல அங்கியையும் முக்காட்டையும் ஏற இறங்கப் பார்த்தார். இது பொம்பளை, இவன் பெண்டாட்டி என்று முடிவு கட்டிவிட்டார். ஜென்ம விரோதிகள் இரண்டு பேரையும் ஒரே ரப்பர் பேண்டில் சேர்த்துக் கட்டி மாட்டிவிட்டார்.

“தனியா தர மாட்டேம்மா. புருஷன் பொஞ்சாதியப் பிரிச்ச பாவம் எனக்கு இன்னாத்துக்கு?” என்று வேம்புலியின் அம்மா கெங்கம்மாளிடம் அடித்துச் சொன்னார்.

கெங்கம்மாள் எஸ்டேட்டில் நட்டு போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறவள். புருஷன் போன பிறகு ஒற்றைப் பிள்ளையைத் தனியாக வளர்க்கிறவள். திட்டிக்கொண்டேதான் வாங்கிக் கொடுத்தாள். அன்றைக்கு பஸ்ஸில் ஆவடி வந்து, ரயில் ஏறி நெமிலிச்சேரியில் இறங்குகிற வரைக்கும் வேம்புலி அட்டையை மடியிலிருந்து இறக்கவேயில்லை. அவ்வளவு சந்தோஷம்.

மற்ற பசங்கள் மீசை முளைத்ததும் பொம்மையைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டார்கள். இவன் போடவில்லை. வேலைக்குப் போன பிறகு மற்றவர்கள் போட்டதையும் தேடிப் பொறுக்க ஆரம்பித்தான். ஆவடி க்வார்ட்டர்ஸில் ரிட்டயர் ஆகிறவர்கள் வீட்டைக் காலி பண்ணிச் சொந்த ஊருக்குப் போகும்போது தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அங்கே ஒரு பழைய பேப்பர் கடைக்கு வரும். அந்தக் கடையில் ஒரு நாள் இவன் ஒரு பயில்வானின் காலைப் பிடிக்க, வேறு ஒருத்தன் தலையைப் பிடித்தான். அந்த வேறு ஒருத்தன்தான் பாஸ்கரன். க்வார்ட்டர்ஸ்காரப் பையன், அப்பாவுக்கு டாங்கி ஃபேக்டரியில் வேலை. பாஸ்கரன் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், வாய் மூடாது. நானா நீயா என்று இழுத்ததில் பயில்வான் இடுப்போடு கழன்று இரண்டானான். இரண்டு பேரும் பதறிப்போய், ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, சைக்கிள் வால்வ் ட்யூபை வெட்டி உள்ளே மாட்டி அவனைப் பிழைக்க வைத்தார்கள். அன்றிலிருந்து சிநேகிதம்.

சிநேகிதம் என்றால் சண்டையும் உண்டு. இந்தப் பொம்மை முதன்முதலில் எந்தக் கடைக்கு வந்தது? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இதே பஞ்சாயத்து.

“எங்க க்வார்ட்டர்ஸ் ஸ்டோர்தான் மாமே ஃபர்ஸ்ட்டு. எம்பத்தாறு தீபாவளி போனஸ் அன்னிக்கு எங்கப்பா வாங்கியாந்தாரு.”

“போடா டேய். அதுக்கு முன்னயே பூந்தமல்லில ஜோடி ஜோடியா தொங்கிச்சு.”

“அட்ச்சு உடு. ஹீரோவையும் வில்லனையும் புருஷன் பொண்டாட்டின்னு சொல்லி எவனாச்சும் விப்பானா? எனக்கே காது குத்துறியா?”

பூந்தமல்லிக் கடை எப்போதோ மூடிப்போய் அந்த இடத்தில் செருப்புக் கடை வந்துவிட்டது. சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவது?

பொம்மையால் வேம்புலிக்குக் கெட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் கூடி வரவில்லை. முதலில் பார்த்த இடத்தில், மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண்ணின் தாய்மாமன் கட்டிலுக்கு அடியில் குனிந்தார், நிமிர்ந்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது இடத்தில் யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ‘புள்ளைக்கு மூளை கீதா இல்லியா, டாக்டராண்ட காட்டினீங்களா’ என்று கேட்டு அனுப்பினார்கள். கெங்கம்மாள் அன்றைக்கு அழுத அழுகை இருக்கிறதே, வேம்புலிக்கு எங்கேயாவது ஓடிப் போய்விடலாம் போலிருந்தது.

மூன்றாவதாக நூம்பலில் ஒரு இடம் வந்தது. பெண் பேர் நாகவல்லி. அப்பா செங்கல்வராயன் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கிறார், பூத்தைப் பெண்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று தரகர் சொன்னார். போட்டோ வந்தது. வேம்புலி அதைப் பார்த்தான். சட்டைப் பையில் வைத்தான், திரும்பவும் எடுத்துப் பார்த்தான். எஸ்டேட்டில் லேத் மிஷின் பக்கத்தில் நின்றுகொண்டும் பார்த்தான். கெங்கம்மாளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண்டிஷனாகச் சொல்லிவிட்டாள்.

“தோ பாரு நைனா. அந்த ஊட்ல பொம்மன்னு ஒரு வார்த்த உன் வாய்ல வரக் கூடாது. இதுவும் தட்டிக்கினு போச்சுன்னா, வர்ற போகிக்கு அந்தப் பொட்டிய அப்படியே நெருப்புல கவுத்துடுவேன். என் மேல ஆணை.”

கெங்கம்மாள் சொன்னால் செய்வாள். வேம்புலிக்குப் பெண்ணும் வேண்டும், பெட்டியும் வேண்டும். வாயைத் திறந்தால் இரண்டும் போச்சு.

கார்த்திகை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலப்பன்சாவடியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து மூன்று பேரும் போனார்கள். மூன்றாவது ஆள் பாஸ்கரன். மாப்பிள்ளைத் தோழன் இல்லாமல் எப்படி? அவனிடமும் கெங்கம்மாள் சத்தியம் வாங்கியிருந்தாள்.

நல்ல மனிதர்கள். வாய் நிறைய வாங்க வாங்க என்றார்கள். கேசரி வந்தது, சுடச்சுட வாழைக்காய் பஜ்ஜி வந்தது. பெண் காபித் தட்டோடு வந்து நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். போட்டோ பொய் சொல்லவில்லை என்று வேம்புலிக்கு நெஞ்சு குளிர்ந்தது. எல்லாம் கூடி வருகிற நேரம். பாவிப் பயல் கண்ணைச் சும்மா வைத்திருக்கக் கூடாதா? சுவரோரம் பூட்டியிருந்த கண்ணாடி ஷோகேஸைப் பார்த்துத் தொலைத்தான்.

திருப்பதிப் பொம்மைக்கும் சங்குக்கும் நடுவில் பயில்வானும் முக்காடும் ஜோடியாக நின்றுகொண்டிருந்தார்கள். அட்டை கசங்காமல், கூடு உடையாமல். கூட்டின் மேலே இரண்டு பேருக்கும் நெற்றிக்கு நேராகக் குங்குமம் வேறு.

வேம்புலி கடித்த பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்தான். காலால் பாஸ்கரனை ஒரு உதை விட்டான். பாஸ்கரன் திரும்பிப் பார்த்தான். சத்தியம், சபை, கேசரி, எல்லாம் அந்த நிமிஷமே அவனுக்கு மறந்துபோச்சு. ரகசியமாகப் பேசுவதாகத்தான் அவன் நினைத்திருப்பான், ஆனால் அவன் ரகசியம் பேசினால் நாலு வீடு கேட்கும்.

“டேய் மாமே! மெய்யாலுமே ஜோடி கட்டிக் கீதுடா! எந்த லூசுடா இவனுங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் கட்டி வச்சது?”

“நாந்தான்,” என்றார் செங்கல்வராயன்.

பூந்தமல்லியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்தவரே அவர்தான். அன்றைக்குப் பொம்மையைப் பார்த்த கண் கடைக்காரர் முகத்தைப் பார்த்திருந்தால்தானே வேம்புலிக்கு அடையாளம் தெரியும்! கெங்கம்மாளுக்கும் இத்தனை வருஷத்தில் அந்த முகம் மறந்துபோயிருந்தது.

“கடைய மூட்ற வரைக்கும் மார்க்கெட்டே சொல்லிச் சொல்லி சிரிச்சுது,” என்றார் அவர். முகம் சிவந்துவிட்டது. “ஆம்பளைக்கும் ஆம்பளைக்கும் கல்யாணம் கட்டி வச்ச செங்கல்வராயன்னு. இப்ப என் ஊட்ல குந்திக்கினு, என் பஜ்ஜியத் துன்னுகினு, நீங்களுமா?”

கெங்கம்மாள் பதறிப்போனாள். “அய்யய்யோ, அந்தப் புள்ளதாண்ணே பொம்ம கிம்மன்னு அலையுது. அதும் பேச்ச உடுங்க. என் புள்ளைக்கு அந்தக் கிறுக்கெல்லாம் கெடையாது.”

பாஸ்கரனைச் சும்மா சொல்லக் கூடாது. உடனே எழுந்து கையைக் கூப்பினான். “ஆமாங்க, நான்தாங்க. மன்னிச்சுக்கோங்க.”

அவ்வளவுதான், தப்பிக்க வழி திறந்துவிட்டது. வேம்புலி தலையை ஆட்டினால் போதும். வேண்டாம், சும்மா இருந்தாலே போதும். அம்மா கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் கதவோரம் நாகவல்லி நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவனால் சும்மா இருக்க முடியவில்லை. இவளைக் கட்டிக்கொண்டு வந்து, பெட்டியை எங்கே ஒளிக்கிறது? எத்தனை நாளைக்கு ஒளிக்கிறது?

“இல்லீங்க மாமா,” என்றான். “எனக்குத்தான் அந்தக் கிறுக்கு ஜாஸ்தி. எங்க ஊட்ல ஒரு பொட்டி நெறையக் கீது. மொதல் ஜோடி உங்க கடைல எங்கம்மா வாங்கிக் குடுத்தது. என் வாழ்க்கைல அத மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அப்பாலிக்கா வரவேயில்ல. நீங்க பிரிச்சுக் குடுத்திருந்தா நான் பயில்வான மட்டும் வாங்கியிருப்பேன், சண்ட போட ஆளில்லாம அவன் சும்மாவே நின்னுக்கினு இருந்திருப்பான். சிரிச்சவங்க சிரிச்சிக்கினு போவட்டும் மாமா. எனக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எந்த மாசம் வந்துச்சு?”

கெங்கம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். செங்கல்வராயன் அவனையே பார்த்தார். கோபம் எங்கே போனதென்று அவருக்கே தெரியாது.

“ஆடி மாசம்,” என்றார். “திருவேற்காட்டுக்குப் போற கூட்டம் ரோடு கொள்ளல. ஏஜென்ட்டு வந்து, புதுச் சரக்கு, வித்துப் பாருன்னு ஒரு டப்பாவக் குடுத்துட்டுப் பூட்டான். எனக்கு ஒண்ணும் புரியல. மாட்டி வச்சேன். பள்ளிக்கோடம் உட்டதும் பசங்க கடைய மொய்ச்சிக்கினானுங்க. அப்படியொரு கூட்டம் என் கடைக்கு அதுக்கு முன்ன வந்ததே இல்ல நைனா.” சொல்லச் சொல்ல மனுஷன் சிரித்துவிட்டார்.

“ஆடி! தீபாவளிக்கு முன்னாடி!” என்று வேம்புலி துள்ளினான். பாஸ்கரன் தோற்ற மூஞ்சியோடு இன்னொரு பஜ்ஜியை எடுத்தான்.

“அதெல்லாம் சரி,” என்றார் செங்கல்வராயன், பழையபடி பெண்ணின் அப்பாவாகி. “வித்தவன் நான், உங்கள ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா பொம்ம வச்சிக்கினு கீற ஆள என் பொண்ணு கட்டிக்குவாளா? அவளையே கேட்டுடலாம். இன்னாம்மா சொல்ற?”

நாகவல்லி முன்னால் வந்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை, நேராக வேம்புலியைப் பார்த்தாள்.

“நான் ஒண்ணு கேக்கணும். உங்க பொட்டில கீறத நான் கைல எடுத்துப் பாக்கலாமா? கைய மடக்கி, இடுப்பத் திருப்பி?”

பாஸ்கரன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். அவனையே பெட்டிப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லுகிற ஆள் வேம்புலி.

“எடுங்க,” என்றான் வேம்புலி. “எல்லாத்தையும் எடுங்க.”

“ஒடஞ்சா?”

“ஒடஞ்சா ஒட்டிக்கலாம்.”

நாகவல்லியின் முகம் மலர்ந்துபோனது. “நான் வளந்ததே பொம்மக் கடைல. ஒண்ணத் தொட்டதில்ல. வளையல் டப்பா மேல குந்திக்கினு, மத்த புள்ளங்க வாங்கிக்கினு போறதப் பாத்துக்கினே இருப்பேன்.” பிறகு அப்பா பக்கம் திரும்பினாள். “எனக்குச் சம்மதம் நைனா.”

கெங்கம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. இந்தத் தடவை சந்தோஷ அழுகை. தட்டு மாற்றுவதைப் பற்றி அவள் பேச வாயெடுத்தாள். செங்கல்வராயன் எதுவும் காதில் வாங்கவில்லை. அவர் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, என்னாண்ட ஒரு தடவ கேட்டிருக்கலாமே?”

“கேட்டேன் நைனா. விக்கிற சரக்குல கை வைக்காதன்னு சொன்னே.”

அவர் எழுந்து போய் அலமாரித் தட்டில் துழாவிச் சாவியை எடுத்தார். ஷோகேஸின் கண்ணாடியைத் தள்ளினார். இரண்டு அட்டைகளையும் வெளியே எடுத்து, ஒட்டியிருந்த கூட்டை நகத்தாலேயே பிய்த்தார். வேம்புலிக்கும் பாஸ்கரனுக்கும் உயிரே போய்விட்டது. பிரிக்காத அட்டை இந்தப் பக்கத்திலேயே இது ஒன்றுதான் இருந்திருக்கும்.

“இந்தா,” என்று பெண்ணின் உள்ளங்கையில் இரண்டையும் வைத்தார்.

பூத்தில் உட்கார்ந்து ஊருக்கே போன் போட்டுக் கொடுக்கிற இருபத்திரண்டு வயசுப் பெண், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அப்படியே தரையில் உட்கார்ந்து, முக்காட்டின் கையை மெல்ல மேலே தூக்கினாள்.