மீட்டரைச் சந்தேகிக்கும் பிரபாவதி

திண்டிவனத்தில் பேருந்து ஏறியதும் பிரபாவதி பயணச்சீட்டில் அச்சாகியிருக்கும் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிடுகிறார். பிறகு கடிகாரத்தைக் கைபேசியோடு. ஏதாவது ஒன்று பிசகினால் நிம்மதி. எது தப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். மூன்றும் ஒத்துப்போனால்தான் முகம் சுருங்கும். "ஒண்ணப் பாத்து ஒண்ணு காப்பியடிச்சிக்கினு இருக்கும்" என்பார் பக்கத்து இருக்கைக்காரரிடம். அவர் யாரென்று தெரியாது. தெரியாதவர்களிடம்தான் பிரபாவதி மனம்விட்டுப் பேசுவார். தெரிந்தவர்கள்மேல் சந்தேகம்.

விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கணினிப் பொறுப்பு அவருக்கு. இங்கும் திண்டிவனம் கிளையிலும் எடுக்கிற படங்களெல்லாம் வந்து சேரும் பழைய யூனிக்ஸ் சர்வர் ஒன்று பின்னறையில் ஏசிக்குக் கீழே உறுமிக்கொண்டிருக்கிறது. அது எவ்வளவு உழைக்கிறது, எவ்வளவு மூச்சு வாங்குகிறது, எவ்வளவு தரவை வெளியே அனுப்புகிறது என்று கவனித்துச் சொல்ல ஒரு கண்காணிப்பு மென்பொருள் உண்டு. சர்வரை மென்பொருள் கண்காணிக்கிறது. மென்பொருளைப் பிரபாவதி கண்காணிக்கிறார்.

அந்த மென்பொருளைச் செய்தவர்கள் அதன் கோளாறுகளைத் தாங்களே 'தெரிந்த சிக்கல்கள்' என்ற தலைப்பில் இணையத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மதியம் எலுமிச்சைச் சோற்றோடு பிரபாவதி படிப்பது அதைத்தான். "தெரிஞ்சிக்கினே வெச்சிருக்கானுங்க பாரு. தெரியாம இருந்தாக்கூட மன்னிச்சி வுட்டுடலாம்."

அண்மையில் ஒரு திங்கட்கிழமை காலை, மேலாளர் கோதண்டபாணி திரையைப் பார்த்து வேர்த்துப் போனார். ஞாயிறன்று வெளியே போன தரவு என்று மென்பொருள் காட்டிய எண், கட்டத்துக்குள் அடங்காமல் திரையின் விளிம்புவரை நீண்டிருந்தது. ஞாயிறு பணியில் இருந்தவர் தேவா மட்டும். கண்டமங்கலத்துக்காரர், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். அவருடைய மச்சான் எதிர்ச்சாரியில் புதிதாகத் திறந்த ஸ்கேன் சென்டரில் போன மாதம்தான் சேர்ந்திருந்தார். கோதண்டபாணிக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. நோயாளிகளின் விவரம் மொத்தமும் சாலையைக் கடந்துவிட்டது! மாலைக்குள் போலீசில் புகார் என்றார். புகார் போனால் இந்த மாவட்டத்தில் எந்த சென்டரும் தேவாவை வாசலில்கூட நிற்கவிடாது.

"மலையனூர் அங்காளம்மா மேல சத்தியமா நான் ஒண்ணும் அனுப்பலக்கா" என்றார் தேவா பிரபாவதியிடம்.

"சத்தியம் பண்றவன நான் நம்ப மாட்டேன். பண்ணாதவனையுந்தான். தள்ளி உக்காரு."

பிரபாவதியும் முதலில் தேவாவைத்தான் துருவினார். எப்போது உள்ளே நுழைந்தாய், எதைத் திறந்தாய், மச்சானிடம் கடைசியாக என்ன பேசினாய். ஒன்றும் சிக்கவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அந்த எண்ணை ஒரு திருடனைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தார்.

"சார், விக்கிரவாண்டி டோல்கேட்டுல ஒரே நிமிஷத்துல கோடி லாரி போச்சின்னா லாரிக்காரனப் புடிப்பீங்களா, எண்ணுனவனப் புடிப்பீங்களா? நம்ம நெட் லைனு ஒரு சினிமா எறக்கவே முக்கிக்கினு கெடக்குது."

"மெஷினு பொய் சொல்லுமாம்மா?"

"மனுஷன் சொல்வான்னு மட்டும் ஒடனே நம்பிட்டீங்களே சார்."

தெரிந்த சிக்கல்களில் இதுவும் ஒன்று. பழைய மோட்டார் சைக்கிளின் கிலோமீட்டர் பெட்டியில் ஒன்பதுகளெல்லாம் முடிந்ததும் மறுபடி சைபர் வருமல்லவா? தரவை எண்ணும் சர்வரின் மீட்டரும் நாலு ஜிபி ஆனதும் அப்படித்தான் முதலுக்குத் திரும்பும். திரும்பும் அந்த இடத்தில் மென்பொருள் தலைசுற்றி, பூதம்போல ஓர் எண்ணைக் கக்கிவிடும். ஞாயிறுதோறும் படங்களின் நகல் திண்டிவனத்துக்குத் தானாகப் போவது வழக்கம். மீட்டர் அப்போது திரும்பியிருக்க வேண்டும். ஆனால் எழுதி வைத்திருப்பதை அப்படியே நம்புகிற பழக்கம் பிரபாவதிக்கு ஏது? கண்ணால் பார்த்தாக வேண்டும்.

தேவாவைக் கதவோரம் நிறுத்தி இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார். கோதண்டபாணியைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார். பழைய படங்களைத் தன் கையாலேயே திண்டிவனத்துக்கு அனுப்பத் தொடங்கினார். ஏற்கெனவே நிறையும் தறுவாயில் இருந்த மீட்டர் ஏறிக்கொண்டே போனது. டீ வந்தது.

"கைய எறக்கட்டாக்கா? டீ ஆறுது."

"எறக்காத. அப்பறம் நீதான் எதையோ அமுக்குனன்னு சாரு பேஜாரு பண்ணுவாரு."

டீயில் ஆடை கட்டியது. மீட்டர் நிறைந்து சட்டென்று சின்ன எண்ணுக்குத் திரும்பிய கணத்தில், காலையில் பார்த்த அதே பூதம் திரையின் விளிம்புவரை நீண்டு நின்றது. கோதண்டபாணி திரும்பித் தேவாவின் கைகளைப் பார்த்தார். அவை ஆகாயத்தில் இருந்தன.

"சரி, சரி. போய் வேலையப் பாருப்பா" என்றார் ஏசியைப் பார்த்து. மன்னிப்பு அவ்வளவுதான்.

அன்றைக்கே பிரபாவதி மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவினார். அதன் தெரிந்த சிக்கல்கள் பழையதைவிட நீளம் என்பதில் அவருக்கு ஏகப்பட்ட திருப்தி.

சாயங்காலம் தேவா வேகவைத்த மல்லாட்டைக் கடலையைப் பொட்டலமாக வாங்கிவந்து மேசைமேல் வைத்தார். கண் கலங்கியிருந்தது. "நீ மட்டும் என்ன நம்பலன்னா இன்னிக்கி நான் அவ்ளோதாங்க்கா."

பிரபாவதி ஒன்றை எடுத்து உடைத்தார். உள்ளே பார்த்தார். பிறகு வாயில் போட்டுக்கொண்டார். சர்வர் கடவுச்சொல் கேட்டது. தேவா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். பிரபாவதி முந்தானையை இழுத்து விசைப்பலகைமேல் போர்த்தி, அதற்கடியில் விரல்களை ஓட்டினார்.